நாடு மாறும்போது பைக்கை என்ன செய்வது? முழுமையான வழிகாட்டி

விசா கைக்கு வந்ததும் கட்டிலையும் அலமாரியையும் விற்க யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பைக் என்று வரும்போதுதான் கை நிற்கிறது. கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கும், ஈரச் சாலையில் பின்சக்கரம் எப்போது வழுக்கும் என்பதெல்லாம் ஓட்டி ஓட்டி உடம்புக்கே பழகியிருக்கும். அப்படிப்பட்ட வண்டியை விட்டுப் போக மனசு வராதது நியாயம்தான். ஆனால் அந்த மனசை மட்டும் கேட்டுக்கொண்டு நேராகக் கப்பல் முகவரிடம் போனால் பணமும் போகும், வண்டியும் துறைமுகத்திலேயே கிடக்கும்.

எல்லோரும் முதலில் கேட்பது "அனுப்ப எவ்வளவு ஆகும்?" என்று. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: "அங்கே இந்த வண்டிக்கு நம்பர் பிளேட் கிடைக்குமா?" காசு கொடுத்தால் எந்தத் துறைமுகத்துக்கும் பைக்கைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் உண்டு. சிக்கல் எல்லாம் அதற்கு அப்புறம், பதிவு செய்யும் இடத்தில்தான். இந்த வழிகாட்டி அதனால்தான் பதிவிலிருந்து தொடங்குகிறது. கிளம்புவதற்கு ஆறு மாதம் இருக்கும்போதே இதைக் கையில் எடுத்துவிட்டால் நிதானமாக முடிவெடுக்கலாம்.

படி 1: அங்கே பதிவாகுமா என்று பாருங்கள்

தன் சாலையில் ஓடும் வண்டி தன் பாதுகாப்பு விதிக்கும் புகை விதிக்கும் உட்பட்டிருக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாடும் எதிர்பார்க்கிறது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே பெயர் என்றாலும், எந்தச் சந்தைக்காகத் தயாரானது என்பதைப் பொறுத்து முகப்பு விளக்கு, சைலன்சர், இன்ஜின் மென்பொருள் எல்லாம் மாறும். "இதே வண்டி அங்கேயும் விற்கிறதே" என்ற ஒரு காரணத்தை நம்பி இறங்காதீர்கள்.

மிகக் கறாரான நாடுகளில் ஒன்று அமெரிக்கா. 25 ஆண்டுக்குக் குறைவான வண்டி அந்நாட்டின் கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரத்தின்படி தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைத் தயாரிப்பாளரே சான்றளித்து வண்டியில் லேபிள் ஒட்டியிருக்க வேண்டும். 25 ஆண்டு என்பது தயாரான மாதத்திலிருந்து கணக்கு. புகை விதி தனி: மாற்றம் செய்யப்படாத நிலையில் 21 ஆண்டு கடந்த வண்டிக்கு அங்கே விலக்கு உண்டு. குடியேறாமல் சில காலம் மட்டும் வருபவர்கள், வரும்போது கூடவே கொண்டுவரும் வண்டியை ஓராண்டுவரை வைத்திருக்கலாம். பிறகு அது நாட்டைவிட்டு வெளியே போயாக வேண்டும். குடியேறுபவருக்கு இந்தச் சலுகை உதவாது.

கனடாவில் இந்த வயது 15 ஆண்டு. அதற்குக் குறைந்த வண்டி கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ தயாரானதாக இல்லாவிட்டால் நிரந்தரமாக உள்ளே வர வழி இல்லை. படிக்கவோ தற்காலிக வேலைக்கோ போகிறவர்களுக்குத் தற்காலிக அனுமதி தனியாக உண்டு. ஆஸ்திரேலியாவில், வண்டி துறைமுகத்தைத் தொடுவதற்கு முன்பே இறக்குமதி ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். குடிபெயர்பவருக்கான சொந்தப் பொருள் வழியில் விண்ணப்பித்தால், வெளிநாட்டில் தொடர்ந்து குறைந்தது 12 மாதம் அந்த வண்டியைச் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும். ஒப்புதல் இல்லாமல் வந்து இறங்கினால், திருப்பி அனுப்பும் செலவோ அழிக்கும் செலவோ உங்கள் தலையில்தான். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் கதவு கொஞ்சம் அகலம். ஐரோப்பிய விதிப்படி தயாரானது என்று தயாரிப்பாளர் தரும் இணக்கச் சான்று உள்ள வண்டிக்கு வேலை எளிது. அது இல்லாத வண்டியைத் தனி வண்டிச் சோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே விளக்கு, பிரேக், சத்தம், கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள்.

சரி, உங்கள் வண்டி எந்த நாட்டு விதிக்குத் தயாரானது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு வண்டியிடமே போக வேண்டும். டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து, ஹேண்டில்பார் ஃப்ரேமோடு சேரும் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். அங்கே ஒயர்களுக்குப் பின்னால் ஒரு தகடோ ஒட்டிய லேபிளோ இருக்கும். அமெரிக்கச் சந்தை வண்டி என்றால், தயாரான மாதமும் ஆண்டும், கூட்டாட்சிப் பாதுகாப்புத் தரங்களுக்கு இணங்குகிறது என்ற வாசகமும் அதில் இருக்கும். ஐரோப்பிய வண்டி என்றால் சின்ன ஆங்கில இ எழுத்தும் ஒரு நாட்டு எண்ணும் தொடங்கிவைக்கும் ஒப்புதல் எண் இருக்கும். பக்கத்திலேயே ஃப்ரேமில் பொறித்த சேசிஸ் நம்பரைத் துணியால் துடைத்து, புகைப்படம் எடுத்து, பதிவுச் சான்றில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். பூஜ்யத்துக்குப் பதில் ஓ, ஒன்றுக்குப் பதில் ஐ என்று பதிவில் தவறாக ஏறியிருப்பது உண்டு. உள்ளூரில் ஓட்டும்வரை அதை யாரும் கவனிக்க மாட்டார்கள், சுங்கத்தில் அதே தவறு வண்டியை நிறுத்திவிடும். 17 எழுத்துள்ள சேசிஸ் நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. பதிவுச் சான்றில் அவற்றில் ஒன்று தென்பட்டால் அது பிழை என்று அப்போதே தெரிந்துவிடும். உள்ளூர்ச் சந்தைக்கு மட்டும் தயாரான சில ஜப்பானிய வண்டிகளின் ஃப்ரேம் எண் 17 எழுத்தைவிடக் குறைவு. 17 கட்டம் உள்ள படிவத்தில் அதை எப்படி நிரப்புவது என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

லேபிள் கிடைக்காவிட்டால், சேசிஸ் நம்பரோடு தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். நீங்கள் போகும் நாட்டில் உள்ள அவர்களது கிளைக்கு எழுதுவது நல்லது, ஏனென்றால் கடிதம் அந்த நாட்டு அதிகாரிகளிடம்தான் காட்டப்பட வேண்டும். பதில் வரச் சில வாரம் பிடிக்கலாம்.

வெளியில் வாங்கிய சைலன்சர், மாற்றிய ஹேண்டில்பார், சின்ன இண்டிகேட்டர் எல்லாம் போட்டிருந்தால் கம்பெனிப் பாகங்களைத் தேடி எடுத்து திரும்ப மாட்டிவிடுங்கள். முகப்பு விளக்கையும் பாருங்கள். இடதுபக்கப் போக்குவரத்துக்கு மட்டுமே தயாரான ஐரோப்பியத் தர விளக்கின் கண்ணாடியில், எதிரே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி இருக்கும். இருபக்கம் காட்டும் அம்பு இருந்தால் இரண்டு வகைச் சாலைக்கும் பொருந்தும். ஒருபக்க விளக்கோடு எதிர்ப்பக்கச் சாலையில் போனால் டிம் வெளிச்சம் நேரே எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும், சோதனையிலும் தேறாது.

படி 2: உங்கள் லைசென்ஸ் அங்கே எதை ஓட்டவிடும்?

வண்டி பதிவானாலும் அதை ஓட்ட உங்களுக்கு உரிமை வேண்டும். இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள்.

பல நாடுகளில் பைக் லைசென்ஸ் படிப்படியாகத்தான் கிடைக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஏ1 வகையில் 125 சிசி, இன்ஜின் சக்தி 11 கிலோவாட்வரை. ஏ2 வகையில் 35 கிலோவாட்வரை. வரம்பில்லாத ஏ வகைக்கு நேரடியாகப் போக 24 வயது ஆக வேண்டும், ஏ2-வில் 2 ஆண்டு அனுபவம் இருந்தால் 20 வயது போதும். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் புதியவர்களுக்கு 660 சிசியும், எடையில் டன்னுக்கு 150 கிலோவாட் சக்தியும் உச்சவரம்பு. ஜப்பானில் 400 சிசி ஒரு எல்லைக்கோடு. சிங்கப்பூரில் 2பி வகை 200 சிசிவரை, 2ஏ வகை 400 சிசிவரை, அதற்கு மேல் 2-ஆம் வகை. இங்கே பெரிய வண்டி ஓட்டிப் பழகியவர் அங்கே முதல் ஆண்டுகளில் சின்ன வண்டிதான் ஓட்ட முடியும் என்றால், பெரிய வண்டியைக் கப்பலில் ஏற்றுவதில் அர்த்தம் இல்லை.

சர்வதேச ஓட்டுநர் அனுமதி என்ற சின்னப் புத்தகம் உங்கள் லைசென்ஸுக்கு மொழிபெயர்ப்பு மாதிரி. அது தனி லைசென்ஸ் ஆகாது. 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படுவது ஓராண்டு செல்லும், 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்படுவது அதிகபட்சம் 3 ஆண்டு. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கிறது. எந்த நாடு எதை ஏற்கிறது என்று பார்த்து வாங்குங்கள். வாங்கியதும் அதில் ஏ என்ற பைக் பிரிவுக்கு நேராக முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். காருக்கு மட்டும் முத்திரை குத்தி, பைக் பிரிவு காலியாக இருந்தால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

குடியேறியவுடன் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஜெர்மனியில் ஐரோப்பாவுக்கு வெளியே எடுத்த லைசென்ஸ் குடியேறிய நாளிலிருந்து 6 மாதம் செல்லும், பிரிட்டனில் 12 மாதம். அந்தக் காலத்துக்குள் மாற்றிக்கொள்ளலாமா, தேர்வு எழுத வேண்டுமா என்பது உங்கள் லைசென்ஸ் எந்த நாட்டில் எடுத்தது என்பதைப் பொறுத்தது.

கிளம்பும் முன் வாங்க வேண்டிய ஒரு தாளைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். உங்கள் லைசென்ஸ் அலுவலகத்தில், பைக் பிரிவு முதன்முதலில் எந்தத் தேதியில் வழங்கப்பட்டது என்று காட்டும் சான்றை வாங்குங்கள். புதுப்பித்த கார்டில் புதுப்பித்த தேதி மட்டும் இருந்தால், பத்து வருடம் ஓட்டியவரும் அங்கே புதியவராகத்தான் தெரிவார். லைசென்ஸ் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸ் தொகைக்கும் இந்தத் தேதி நேரடியாகக் கணக்கில் வரும். அதேபோல இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும், எத்தனை ஆண்டாக இழப்பீடு கேட்காமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்று கடிதம் வாங்கிவிடுங்கள். எல்லா நாட்டு நிறுவனங்களும் அதை ஏற்கும் என்று சொல்ல முடியாது. ஏற்கும் நிறுவனத்தைத் தேடிப் பிடித்தால் முதல் வருடத் தொகை நன்றாகவே குறையும். இரண்டு சான்றையும் அங்கே போனபின் தூரத்திலிருந்து வாங்குவது பெரும்பாடு.

படி 3: உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்

பதிவாகும், லைசென்ஸும் பொருந்தும் என்றால்தான் இந்தக் கட்டம். இறக்குமதி வரியைப் பெரும்பாலான நாடுகள் வண்டி விலைக்கு மட்டும் போடுவதில்லை. வண்டியின் மதிப்போடு கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் கூட்டி, அந்தத் தொகைக்குச் சுங்க வரி போட்டு, வரியையும் சேர்த்த தொகைக்கு மதிப்புக்கூட்டு வரி போடுவார்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குச் சுங்க வரி 6 சதவீதம், அதற்குக் கீழே 8 சதவீதம். வண்டியின் மதிப்பு 100 என்றும், அனுப்பும் செலவும் இன்சூரன்ஸும் 30 என்றும் வையுங்கள். 130-க்கு 6 சதவீதம் என்றால் 7.80. இப்போது 137.80 ஆனது. இதற்கு 20 சதவீத மதிப்புக்கூட்டு வரி 27.56. வரி மட்டும் 35.36. அனுப்பும் செலவோடு சேர்த்தால் 100 மதிப்புள்ள வண்டிக்கு 65-க்கு மேல் செலவு, அதுவும் துறைமுகக் கட்டணமும் சோதனைக் கட்டணமும் சேராமல். வண்டியின் மதிப்பு குறையக் குறைய இந்தக் கணக்கு மோசமாகும், ஏனென்றால் விலை குறைந்த வண்டிக்கும் பெட்டி அதே அளவுதான்.

குடிபெயர்பவருக்கு இங்கே பெரிய சலுகை ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில், வெளியே தொடர்ந்து 12 மாதம் வாழ்ந்தவர், குறைந்தது 6 மாதம் தான் பயன்படுத்திய வண்டியை, குடியேறிய 12 மாதத்துக்குள் கொண்டுவந்தால் இறக்குமதி வரி கிடையாது. பிரிட்டனிலும் கிட்டத்தட்ட இதே நிபந்தனைதான், ஆனால் தனியாக விண்ணப்பித்து ஒப்புதல் வாங்க வேண்டும். வண்டி வந்து சேர்வதற்கு முன்பே வாங்கிவிடுவதுதான் சுமுகம். இரண்டு இடத்திலும், வந்தபின் 12 மாதம் அந்த வண்டியை விற்கவோ வாடகைக்கு விடவோ இரவல் கொடுக்கவோ கூடாது. மீறினால் விட்டுக்கொடுத்த வரி திரும்பி வரும். 6 மாதம் என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். போகும் முன் ஆசையாகப் புது பைக் வாங்கிக் கூடவே கொண்டுபோகலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடைக்காது.

நீண்ட பயணம் போகும் ரைடர்கள் பயன்படுத்தும் கார்னே என்ற சுங்கப் புத்தகத்தைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். அது வண்டி ஒரு நாட்டுக்குள் தற்காலிகமாக வந்து திரும்பப் போகும் என்பதற்கான உத்தரவாதம். குடியேறுபவருக்குப் பொருந்தாது. அதை வைத்து வண்டியை உள்ளே கொண்டுவந்து அங்கேயே வைத்துக்கொண்டால், உத்தரவாதத் தொகையிலிருந்து வரியை எடுத்துக்கொள்வார்கள்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தினசரிப் போக்குவரத்துக்கு வாங்கிய சாதாரண பைக்கை விற்றுவிட்டு அங்கே வேறு வாங்குவதுதான் சரி. அங்கே கிடைக்காத வண்டி, அப்பாவிடமிருந்து வந்த வண்டி, கையால் பார்த்துப் பார்த்துப் புதுப்பித்த பழைய வண்டி, வரிச் சலுகையோடு போகக்கூடிய விலை உயர்ந்த வண்டி: இவற்றை அனுப்புவதில் நியாயம் இருக்கிறது. மூன்றாவது வழி, வண்டியை இங்கேயே விட்டுப் போவது. இரண்டு வருடத்துக்குள் உறுதியாகத் திரும்புவீர்கள் என்றால் மட்டும் அதை யோசியுங்கள்.

படி 4: விற்பதாக இருந்தால்

கடைசி வாரத்தில் விற்பவரின் அவசரம் வாங்குபவருக்கு உடனே தெரிந்துவிடும், விலை இறங்கிவிடும். இரண்டு மாதம் முன்னதாகவே விற்கப் போடுங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் அதை அடைத்து, கடன் கொடுத்தவரின் பெயரைப் பதிவிலிருந்து நீக்குவதற்குத் தனியாக நாள் பிடிக்கும்.

பணம் வாங்கிச் சாவியைக் கொடுப்பதோடு விற்பனை முடிவதில்லை, பெயர் மாற்றம் பதிவேட்டில் ஏறினால்தான் முடிந்தது. "அப்புறம் மாற்றிக்கொள்கிறேன்" என்று சொல்பவருக்கு, நீங்கள் நாட்டைவிட்டுப் போகும் நிலையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். அபராதமும் விபத்து வழக்கும் பதிவேட்டில் இருக்கும் பெயருக்குத்தான் வரும். விற்ற தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு, வாங்குபவரின் அடையாளச் சான்று எல்லாம் உள்ள ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸை பெயர் மாற்றம் முடிந்தபின் ரத்து செய்யுங்கள், மீதித் தொகை திரும்பக் கிடைக்கலாம்.

படி 5: விட்டுப் போவதாக இருந்தால்

"வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வை" என்று தம்பியிடமோ நண்பரிடமோ சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம். அது வண்டிக்கு நல்லதல்ல. இன்ஜின் முழுதாகச் சூடேறுவதற்குள் நிறுத்தினால், எரிந்ததில் உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். பேட்டரியும் ஸ்டார்ட்டுக்குச் செலவானதைத் திரும்பப் பெறாது. ஓட்டினால் இருபது கிலோமீட்டராவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் தொடாமல் இருப்பதே மேல்.

பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும், அதனால் நிறுத்தும் முன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். இரும்பு டேங்க் என்றால் பெட்ரோலைக் கழுத்துவரை நிரப்பி, பெட்ரோல் கெடாமல் காக்கும் திரவத்தைக் கலந்து, அது இன்ஜெக்டர்வரை போய்ச்சேரச் சில நிமிடம் இன்ஜினை ஓட விடுங்கள். டேங்கில் காற்றுக்கு இடம் இருந்தால் ஈரம் படிந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டர் வண்டி என்றால் மிதவைக் கிண்ணத்தை வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். ஈய அமில பேட்டரியை அவ்வப்போது முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும், லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைத்தால் போதும். இரண்டு சக்கரமும் தரையைத் தொடாதபடி ஸ்டாண்டில் ஏற்றுங்கள். காற்று வடிகட்டிக்கும் சைலன்சர் வாய்க்கும் எலி புகாமல் அடைப்பு வைத்து, அடைத்திருக்கிறது என்று ஹேண்டிலில் ஒரு சீட்டு கட்டிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், திரும்பி வந்ததும் முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

காகித வேலையும் உண்டு. வரி, தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றைப் புதுப்பிக்கவும் தேவைப்பட்டால் விற்கவும், இந்த ஒரு வண்டிக்கு மட்டும் என்று குறிப்பிட்டு நம்பிக்கையானவருக்கு அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுங்கள். வண்டி ஓடாமல் நிற்கிறது என்று அறிவித்து வரியிலிருந்து விலக்குப் பெறும் வசதி சில நாடுகளில் இருக்கிறது. தீக்கும் திருட்டுக்கும் மட்டுமான இன்சூரன்ஸை விட்டுவிடாதீர்கள்.

படி 6: அனுப்புவதாக இருந்தால்

மூன்று வழி உண்டு. விமானச் சரக்கு, மற்றவர் சரக்கோடு கன்டெய்னரைப் பகிர்ந்துகொள்ளும் கப்பல் சரக்கு, வண்டிகளை அப்படியே உருட்டி ஏற்றும் கப்பல். வீட்டுச் சாமானும் போகிறது என்றால் அதே கன்டெய்னரில் பைக்கையும் வைப்பது பெரும்பாலும் மலிவு. ஆனால் சாமான் பட்டியலில் பைக்கைத் தெளிவாக எழுதியிருக்க வேண்டும், சுங்கத்தில் அதற்குத் தனி அறிவிப்பும் வேண்டும்.

கட்டணத்தைத் தீர்மானிப்பது எடையைவிட அளவுதான். விமானத்தில் பெட்டியின் நீள, அகல, உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6000-ஆல் வகுத்தால் வருவது கன அளவு எடை. அதுவும் உண்மையான எடையும், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம். 220 சென்டிமீட்டர் நீளம், 90 அகலம், 120 உயரம் உள்ள பெட்டிக்கு 396 கிலோவுக்குக் கட்ட வேண்டும். முன்சக்கரத்தையும் ஹேண்டில்பாரையும் கண்ணாடிகளையும் கழற்றி 190, 75, 110 என்று சுருக்கினால் 261 கிலோதான். ஒரு மதிய நேர வேலை, 135 கிலோவுக்கான கட்டணம் மிச்சம். கப்பலில் ஒரு கன மீட்டரை ஒரு டன்னுக்குச் சமமாக வைத்து இதே போலப் பார்ப்பார்கள்.

பெட்டி மரத்தில் கவனம் வேண்டும். நாடு கடக்கும் முழு மரப் பெட்டியின் மரம், உள்பகுதி 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருக்கும்படி சூடேற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது வேறு அங்கீகரிக்கப்பட்ட முறையில் பூச்சி நீக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கோதுமைக் கதிர்ச் சின்னத்தோடு முத்திரை பொறித்திருப்பார்கள். ஒட்டுப் பலகைக்கு இந்த விதி இல்லை. பைக் ஷோரூம்களில் புது வண்டி வந்த இரும்புச் சட்டங்களைத் தூக்கிப் போட இடம் தேடிக்கொண்டிருப்பார்கள், கேட்டுப் பாருங்கள். உங்கள் மாடலுக்கே அளவெடுத்த சட்டம் கிடைக்கலாம்.

கட்டும் வேலையை நீங்களே அருகில் நின்று பார்ப்பது நல்லது. வண்டியைச் சட்டத்தின் நடுவில் நிறுத்தி, மென்மையான பட்டைகளை ஃபோர்க்கின் கீழ்ப்பிடியில் மாட்டி இரண்டு பக்கமும் சம அளவில் இழுக்க வேண்டும். ஹேண்டில்பாரில் கட்டினால் அது வளையும், பட்டையும் நழுவும். முன்சக்கரத்துக்கும் மட்கார்டு இருக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவிட்டு இழுங்கள். அது இருந்தால் ஃபோர்க் பாதியளவே அழுங்கும். வாரக்கணக்கில் அடியோடு அழுந்திக் கிடந்தால் சீல் கெட்டு ஆயில் வழியலாம். முன்சக்கரத்தைக் கழற்றியிருந்தால் ஃபோர்க்கின் அச்சைச் சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பிரேக் பேடுகளுக்கு நடுவே ஓர் அட்டைத் துண்டைச் செருகுங்கள். யாராவது தவறிப்போய் லீவரை அழுத்தினால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அங்கே போய்ச் சக்கரத்தை மாட்ட முடியாது. பின்னால் ஃப்ரேமிலோ பின்னிருக்கைக் கால்மிதியின் அடித்தண்டிலோ கட்டுங்கள். சைலன்சர் பக்கம் பட்டை போகவே கூடாது. கழற்றிய நட்டு போல்ட்டுகளை ஒரு பையில் போட்டு ஃப்ரேமோடு கட்டிவிடுங்கள்.

பெட்ரோல் வண்டி, சரக்கு உலகத்தில் ஆபத்தான பொருள். யு.என். 3166 என்ற எண்ணில் அறிவிக்க வேண்டும். விமானத்தில் டேங்கில் கால் பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கப்பலிலும் கிட்டத்தட்ட வடித்துவிடச் சொல்வார்கள். பேட்டரி இணைப்பைக் கழற்றி முனைகளைக் காப்பிட வேண்டும். மின்சார பைக் என்றால் லித்தியம் பேட்டரிக்கான விதி தனி. பல நிறுவனங்கள் ஏற்பதே இல்லை, அதனால் அதை முதலில் கேட்டுவிடுங்கள்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகும் வண்டியில் மண் துளிகூட இருக்கக் கூடாது. செயின் ஸ்ப்ராக்கெட் மூடியின் உட்புறம், மட்கார்டின் அடி, ரேடியேட்டர் இடுக்கு, காற்று வடிகட்டிப் பெட்டி என்று விதையும் பூச்சியும் ஒளிந்திருக்கும் இடங்களைப் பிரித்துக் கழுவுங்கள். அங்கே பிடிபட்டால் அவர்கள் கழுவுவதற்கான செலவு உங்களுடையது. பழைய வண்டியை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புகிறவர்கள், பிரேக் பேட், கிளட்ச், கேஸ்கெட் எதிலும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று நிரூபிக்கவும் தயாராக இருக்க வேண்டும். 2003 முடிவிலிருந்து அங்கே அது முழுத் தடை.

முகவரிடம் விலை கேட்கும்போது, போய்ச் சேரும் துறைமுகத்தில் இறக்குவது, கிடங்கு, ஆவணம் எல்லாம் சேர்த்து எழுத்தில் கேளுங்கள். கடல் கட்டணத்தை ஆச்சரியப்படும் அளவு குறைத்துச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தில் கூட்டி வாங்குவது இந்தத் தொழிலில் சாதாரணம்.

இன்சூரன்ஸ் இல்லாமல் அனுப்பாதீர்கள். கீறலும் நசுங்கலும் மட்டும் இங்கே காரணம் இல்லை. கடல் வணிகத்தில் பொது இழப்பு என்று பல நூற்றாண்டுப் பழமையான முறை ஒன்று உண்டு. கப்பலைக் காப்பாற்ற ஏற்படும் செலவை அதில் சரக்கு ஏற்றிய எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2021 மார்ச்சில் எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் சிக்கிய பிறகு உரிமையாளர் இதைத்தான் அறிவித்தார். சரக்குக்கு ஒரு சேதமும் இல்லாதவர்களும் உத்தரவாதம் கொடுத்தால்தான் பொருளை எடுக்க முடியும் என்ற நிலை. இன்சூரன்ஸ் இருந்தால் அதை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். வண்டியை எல்லாக் கோணத்திலும், ஓடோமீட்டர் உட்பட, பெட்டியை மூடும் அன்றே படம் எடுத்து வையுங்கள்.

புறப்படும் நாட்டில் பதிவை ரத்து செய்தோ ஏற்றுமதி என்று குறித்தோதான் வண்டி வெளியே போக வேண்டும். மூலப் பதிவுச் சான்றைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், கையிலேயே கொண்டுபோங்கள்.

ஹெல்மெட்டும் இங்கே சேரும். சான்று முத்திரை நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பியத் தரம் இசிஇ 22.06, அமெரிக்காவில் டாட். ஐரோப்பிய முத்திரை தாடைப் பட்டையில் தைத்திருக்கும் சீட்டில் இருக்கும், டாட் முத்திரை ஹெல்மெட்டின் வெளியே பின்புறத்தில் இருக்கும்; எது இருக்கிறது என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். பழைய ஹெல்மெட் என்றால் அங்கே புதிதாக வாங்குவதே நல்லது. ஜாக்கெட், கையுறை, பூட்ஸ் உங்கள் அளவுக்குப் பழகியவை, அவை கண்டிப்பாகக் கூட வரட்டும்.

படி 7: அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்ததும்

சரக்கு வரும் நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். இலவசமாக வைத்திருக்கும் சில நாட்கள் கடந்தால் கிடங்கு வாடகை ஒவ்வொரு நாளும் ஏறும். கப்பல் சரக்குச் சீட்டு, பாஸ்போர்ட், குடியேற்ற ஆவணம், பதிவுச் சான்று, வாங்கிய ரசீது, முந்தைய இன்சூரன்ஸ் தாள்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். வண்டியை எத்தனை மாதம் நீங்கள் வைத்திருந்தீர்கள் என்பதை நிரூபிக்கப் பழைய இன்சூரன்ஸ் தாளைவிட எளிய ஆதாரம் இல்லை.

பெட்டியைத் திறக்கும்போது, கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். சேதம் இருந்தால் அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள், பிறகு சொன்னால் இன்சூரன்ஸில் இழுபறிதான்.

பிரிட்டனில் வண்டி வந்த 14 நாளுக்குள் வரித்துறைக்கு அறிவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பதிவு அலுவலகம் விண்ணப்பத்தை எடுக்கும். மற்ற நாடுகளிலும் வரிசை ஏறக்குறைய இதுதான்: சுங்கம், தொழில்நுட்பச் சோதனை, இன்சூரன்ஸ், பதிவு, நம்பர் பிளேட். சோதனை நிலையத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு போகலாமா, ஏற்றிக்கொண்டு போக வேண்டுமா என்பதை முன்பே கேளுங்கள். பதிவில்லாத வண்டியோடு சாலையில் மாட்டினால் புதிய நாட்டில் முதல் அனுபவமே வழக்காகிவிடும்.

ஓட்டும் முன் கழற்றிய ஒவ்வொரு போல்டையும் கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சால் இறுக்கி, டயர் காற்றையும் பிரேக்கையும் பார்த்துவிட்டு, காலி இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சாலைப் பக்கம் மாறியிருந்தால் நேர்ச்சாலையில் பிரச்சினை வராது. ஆள் இல்லாத சந்திப்பில் திரும்பும்போதும், பெட்ரோல் போட்டுவிட்டு வெளியே வரும்போதும்தான் பழைய பழக்கம் தலைதூக்கும். பின்பற்றிப் போக முன்னால் ஒரு வண்டியும் இல்லாத நேரம் அது. முதல் சில வாரம் அந்த இரண்டு இடத்திலும் நின்று நிதானித்துக் கிளம்புங்கள். உள்ளூர்ப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்வதையும் சிபாரிசு செய்வேன். அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடிப்படை வகுப்பை முடித்தால் ஓட்டுதல் தேர்வே விலக்காகிவிடும்.

அங்கேயே வாங்குபவர்கள், பழைய வண்டி என்றால் சேசிஸ் நம்பரை வைத்து அதன் சரித்திரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடன் பாக்கி, திருட்டு, விபத்தில் முழுச் சேதம் என்று எழுதப்பட்டது எல்லாம் அதில் தெரியும். ஆஸ்திரேலியாவில் இதற்கு அரசே நடத்தும் பிபிஎஸ்ஆர் பதிவேடு இருக்கிறது.

கடைசியாக, ஏற்றுமதி செய்தபோது சுங்கம் கொடுத்த அறிவிப்பின் நகலைத் தூக்கிப் போடாதீர்கள். வெளியே போன பொருள் அதே நிலையில் திரும்பி வந்தால் வரி இல்லை என்ற சலுகை பல நாடுகளில் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான கெடு 3 ஆண்டு. அங்கே சரிப்படாமல் வண்டியோடு திரும்ப நேர்ந்தால், இது முன்பு இங்கிருந்து போன அதே வண்டிதான் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.